பழைய எஸ்டீமுக்கு டர்போவா, எஞ்சின் மாற்றமா? பணம் இறக்கும் முன் போட வேண்டிய கணக்கு

மாருதி எஸ்டீம் 1994-இல் வந்து 2007-இல் நின்றுபோன கார். அதன் 16 வால்வு எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் உள்ள) ஜி13பிபி எஞ்சின் 1298 சிசி. 6000 ஆர்பிஎம்மில் 85 பிஎச்பி, 4500 ஆர்பிஎம்மில் 110 நியூட்டன் மீட்டர் டார்க். காரின் எடை சுமார் 875 கிலோதான். இவ்வளவு லேசான உடம்பு இன்றைய கார்களில் கிடைப்பதில்லை. அதனால்தான் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேக்கும் இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கும் கார் தயார் செய்ய நினைப்பவர்கள் இன்னும் நல்ல எஸ்டீம் பாடியைத் தேடுகிறார்கள். பாடி கிடைத்ததும் வரும் முதல் கேள்வி: இருக்கிற எஞ்சினில் டர்போ (புகையின் விசையில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் கருவி) போடுவதா, பெரிய எஞ்சினை இறக்குவதா?

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இப்போது காரில் இருக்கும் எஞ்சினின் உடல்நிலைதான் இந்தக் கேள்விக்கு முதல் பதில். பிடித்த வழி எது என்பது அதற்கு அப்புறம்.

சாலைக்கா, டிராக்குக்கா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து வண்டி மாறுபடும்படி மாற்றங்கள் செய்வதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே நிறுவனத்தின், அதே வகை எஞ்சினை மாற்றிக்கொள்ள வழி உண்டு. அதற்கு ஆர்.டி.ஓ.விடம் முன்அனுமதி வாங்கி, ஆர்.சி.யில் புது எஞ்சின் நம்பரை ஏற்ற வேண்டும். வெளியிலிருந்து வாங்கிய டர்போவுக்கும், சிசி கூடிய வேறு வகை எஞ்சினுக்கும் இந்த வழி பொருந்தாது. எஸ்டீம் எல்லாமே 15 வயது தாண்டிவிட்டன. ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது எஞ்சின் நம்பரைப் பார்ப்பார்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியும் பார்க்கும்.

ஆகவே தினமும் ஓட்டும் கார் என்றால், இருக்கிற எஞ்சினை ஒழுங்காகப் பிரித்துக் கட்டுவதுதான் வழி. 2010 வரை வந்த பெட்ரோல் ஸ்விஃப்டிலும் இதே ஜி13பிபி எஞ்சின்தான் இருந்தது. அதனால் உதிரிபாகத்துக்குப் பஞ்சமில்லை. இனி வருவதெல்லாம் டிரெய்லரில் ஏற்றி டிராக்குக்குக் கொண்டுபோகும் காருக்கானது. போட்டியில் இறங்குவதாக இருந்தால் உங்கள் கிளாஸின் விதிப் புத்தகத்தை முதலில் படியுங்கள். டர்போவை அனுமதிக்காத கிளாஸுக்கு டர்போ கார் கட்டினால் அது ஷெட்டிலேயே நிற்கும்.

இருக்கிற எஞ்சினை அளந்து பாருங்கள்

எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, இன்ஜெக்டர், இக்னிஷன் கனெக்டர்களைப் பிடுங்கிவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி கம்ப்ரஷன் பாருங்கள். பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். ஆரோக்கியமான எஞ்சின் சதுர சென்டிமீட்டருக்கு 14 கிலோ சுற்றுக் காட்டும். 12-க்குக் கீழே போனால் தேய்ந்துவிட்டது என்று பொருள். சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 1 கிலோவைத் தாண்டக் கூடாது. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்.

கம்ப்ரஷன் மட்டும் போதாது. ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றி, அந்த இடத்தில் மெக்கானிக்கல் கேஜ் மாட்டி, சூடான எஞ்சினில் 4000 ஆர்பிஎம்மில் பாருங்கள். 3 கிலோவுக்குக் கீழே இருந்தால் பேரிங்கோ ஆயில் பம்ப்போ களைத்துவிட்டது. டர்போவும் இதே ஆயிலில்தான் சுழலப் போகிறது. முடிந்தால் லீக்டவுன் டெஸ்டும் (சிலிண்டரில் காற்று ஏற்றி, எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்ப்பது) எடுங்கள். 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. 20-ஐத் தாண்டினால் அந்த எஞ்சினில் பூஸ்ட் (டர்போ கொடுக்கும் கூடுதல் காற்றழுத்தம்) ஏற்றக் கூடாது.

இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் டர்போ யோசனையை ஒதுக்கிவையுங்கள். எஞ்சினைப் பிரித்து, போரிங் செய்து, பிஸ்டன், ரிங், பேரிங் மாற்றி, அதன் மேல் டர்போவும் போட்டால் இரண்டு வழிகளின் செலவும் ஒரே காரில் சேரும். எஞ்சின் எப்படியும் வெளியே வரப் போகிறது என்றால், மாற்று எஞ்சினுக்குத்தான் கணக்கு சாதகம்.

எது எவ்வளவு தரும்

எஸ்டீமுக்குப் பக்கத்து உறவு பழைய பலேனோ செடானின் ஜி16பி எஞ்சின். 1590 சிசி, 94 பிஎச்பி, 3000 ஆர்பிஎம்மிலேயே 130 நியூட்டன் மீட்டர் சுற்று டார்க். பேப்பரில் கூடுவது 9 பிஎச்பிதான். ஆனால் டார்க் 1500 ஆர்பிஎம் முன்னாலேயே வந்துவிடுகிறது. வளைவு முடிந்து வெளியேறும்போது காலை வைத்தவுடன் கார் நகரும். கரி போன்ற சின்ன டிராக்கில் இதன் அருமை லேப் டைமில் தெரியும்.

டர்போவில் 0.4 முதல் 0.45 பார் பூஸ்ட், அதாவது 6 பிஎஸ்ஐ சுற்று, வைத்தால் 110 முதல் 120 பிஎச்பி எதிர்பார்க்கலாம். டார்க் 150-ஐத் தாண்டும். உச்ச சக்தி என்று பார்த்தால் டர்போ ஜெயிக்கிறது. ஆனால் அந்த சக்தி நிலைக்க ஃப்யூவல், கூலிங், டியூனிங், கிளட்ச் என்று எல்லாம் கூடவே வர வேண்டும். இவற்றில் ஒன்றை விட்டாலும் எஞ்சின் போகும். 1.6 எஞ்சினில் சின்னத் தவறு செய்தால் கார் இழுக்காது, அவ்வளவுதான். டர்போவில் அதே தவறுக்கு பிஸ்டன் உடையும். ஆகவே டியூனிங் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாதவருக்கு எங்கள் ஆலோசனை 1.6 எஞ்சின்தான்.

எஸ்எக்ஸ்4-இன் எம்16ஏ எஞ்சினையும் சிலர் கேட்கிறார்கள். 100 பிஎச்பிக்கு மேல் தரும் நல்ல எஞ்சின். ஆனால் அது வேறு குடும்பம். மவுண்டிங், கியர்பாக்ஸ் இணைப்பு, வயரிங் எல்லாம் புதிதாகச் செய்ய வேண்டும். முதல் முயற்சிக்கு வேண்டாம்.

எஞ்சின் மாற்றம்: வாங்கும்போதே பாதி வேலை முடிய வேண்டும்

சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் எஞ்சினை மட்டும் தனியாகத் தருவார்கள். அப்படி வாங்காதீர்கள். எஞ்சின், கியர்பாக்ஸ், பிளைவீல், கிளட்ச், ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், முழு வயரிங் செட், ஈசிஎம் (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர்), த்ராட்டில் பாடி, எல்லா சென்சார்கள், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், இரண்டு பக்க டிரைவ் ஷாஃப்ட் என்று ஒரே காரிலிருந்து எடுத்ததை மொத்தமாகப் பேசுங்கள். கனெக்டர்களை வெட்டி எடுத்த வயரிங் என்றால் விலையில் பாதியைக் குறைத்தாலும் வேண்டாம். ஐகேட்ஸ் இம்மொபிலைசர் (மாருதியின் திருட்டுத் தடுப்பு அமைப்பு) உள்ள மாடல் என்றால் அதன் சாவியும் கண்ட்ரோல் யூனிட்டும் சேர்ந்தே வர வேண்டும். அவை இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. எஞ்சின் நம்பர் சுரண்டப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பில்லும், அந்த காரின் ஆர்.சி. ரத்தான நகலும் கேட்டு வாங்குங்கள்.

கடையில் வைத்தே ஆயில் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். தாரைப் போலக் கறுத்த படிவம் இருந்தால் ஆயில் மாற்றாமல் ஓட்டிய எஞ்சின். காபி நிறக் குழம்பு இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஸ்டார்ட்டரும் பேட்டரியும் கொண்டுபோய், தரையில் வைத்தே கம்ப்ரஷன் பார்க்கலாம். குளிர்ந்த எஞ்சினில் அளவு கொஞ்சம் குறைவாகத்தான் வரும். நான்கும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதே அங்கு முக்கியம்.

எஞ்சின் வெளியே இருக்கும்போதே டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், கிராங்க்கின் முன் பின் ஆயில் சீல்கள், கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், தெர்மோஸ்டாட் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். இறக்கிய பிறகு பின் ஆயில் சீல் ஒழுகினால் கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டியிருக்கும்.

ஜி16-இன் ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர். ஜி13-இல் அது 75.5. அதனால் பிளாக் உயரமானது. பானட் இடிக்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். வால்வு கவரின் மேலும் த்ராட்டில் பாடியின் மேலும் ஈரக் களிமண்ணை உருண்டையாக வைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு, பானட்டை மெல்ல மூடித் திறந்து பாருங்கள். நசுங்கிய களிமண்ணின் தடிமன்தான் உங்கள் இடைவெளி. 20 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மவுண்டிங்கைத் தாழ்த்துங்கள். பிரேக் அடிக்கும்போதும் காலை அழுத்தும்போதும் எஞ்சின் ரப்பரில் ஆடும். நிற்கும்போது தொடாதது ஓடும்போது தொடும்.

தாழ்த்தும்போது இரண்டு இடங்களைப் பாருங்கள். சம்ப் (எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது? டிரைவ் ஷாஃப்ட் எந்தக் கோணத்தில் இருக்கிறது? காரை ஜாக்கியில் தூக்கி, சஸ்பென்ஷன் முழுக்கத் தொங்கும்போதும், சக்கரத்தின் கீழ் ஜாக்கி கொடுத்து முழுக்க அமுங்கும்போதும், ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். எங்காவது பிடித்தால் ஷாஃப்ட்டின் நீளமோ கோணமோ சரியில்லை. அப்படியே ஓட்டினால் உள் ஜாயின்ட் உருவிக்கொள்ளும் அல்லது கியர்பாக்ஸ் கேஸிங் விரிசல் விடும். மவுண்டிங் பிராக்கெட்டுக்கு 5 மில்லிமீட்டர் தகடு போதும். ரப்பரை எடுத்துவிட்டு இரும்போடு இரும்பாக இறுக்கும் பழக்கம் வேண்டாம். அதிர்வில் பாடி வெல்டிங்தான் விடும்.

வயரிங்கில் எஸ்டீமின் உடல் வயரிங்கை அப்படியே வைத்து, பலேனோவின் எஞ்சின் வயரிங்கையும் ஈசிஎம்மையும் தனித் தொகுதியாக இறக்குவதே சுலபம். இரண்டையும் இணைக்கும் கம்பிகள் குறைவு: நிரந்தர பவர், இக்னிஷன் பவர், ஸ்டார்ட்டர், ஃப்யூவல் பம்ப் ரிலே, ஃபேன் ரிலே, டேக்கோ, செக் லைட், டெம்பரேச்சர், ஆயில் விளக்கு, எர்த். எர்த் மட்டும் மூன்று இடத்தில் கொடுங்கள்: பேட்டரியிலிருந்து கியர்பாக்ஸுக்கு, எஞ்சினிலிருந்து பாடிக்கு, ஈசிஎம்மிலிருந்து நேராக எஞ்சினுக்கு. எஞ்சின் மாற்றிய கார்களில் காரணம் தெரியாத கோளாறுகளைத் துருவிப் பார்த்தால் பெரும்பாலும் எர்த்தில்தான் போய் முடியும்.

டர்போ: ஹார்டுவேரை விட ஃப்யூவலும் சூடும்தான் விஷயம்

பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைப்பது 75 பிஎஸ் ஸ்விஃப்ட் டீசலின் கேபி35 டர்போ. அளவு பொருந்துவதுபோலத் தெரியும். ஆனால் சிக்கல்கள் உண்டு. டீசல் புகையின் சூடு 800 டிகிரி சுற்றில் நின்றுவிடும். பெட்ரோலில் பூஸ்டோடு 900-ஐத் தாண்டும். அந்த டர்போவுக்குத் தண்ணீர் கூலிங் கிடையாது. டர்பைன் சிறியது என்பதால் மேல் ஆர்பிஎம்மில் புகை வெளியேற வழியின்றி எஞ்சின் திணறும். பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட்டின் ஸ்பிரிங்கோ டீசலின் பூஸ்டுக்கு ஏற்றது. அப்படியே மாட்டினால் 0.4-இல் நிற்காமல் 1 பாரைத் தொடப் பார்க்கும். ஸ்பிரிங் மாற்றாமல் ஒரு தரம்கூட முழு ஆக்ஸிலரேட்டர் கொடுக்காதீர்கள். 90 பிஎஸ் டீசல்களில் வரும் விஜிடி (இறக்கைகளின் கோணம் மாறும்) டர்போவைத் தொடவே வேண்டாம். அதன் நுண் இறக்கைகள் பெட்ரோல் சூட்டில் சிக்கிக்கொள்ளும். 1.0 முதல் 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் கார்களிலிருந்து வரும், தண்ணீர் கூலிங் உள்ள டர்போவே சரியான தேர்வு. விலை கூடுதல்தான். இந்த இடத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

காற்றின் சூட்டையும் கணக்கிட்டுப் பாருங்கள். 35 டிகிரி வெயிலில் 0.45 பார் பூஸ்ட் கொடுத்தால் டர்போவிலிருந்து வெளிவரும் காற்று 90 டிகிரி சுற்றில் இருக்கும். 70 சதவீதத் திறனுள்ள இன்டர்கூலர் அதை 52-க்கு இறக்கும். இன்டர்கூலர் இல்லாமல் குறைந்த பூஸ்டில் ஓட்டலாம் என்று சொல்பவர்கள் குளிர் நாட்டுக் கணக்கைச் சொல்கிறார்கள். நம் ஊர் மே மாதத்தில் அது நாக்கிங்கில் (கலவை சூட்டில் தானாக வெடித்துப் பிஸ்டனை அடிப்பதில்) முடியும். இன்டர்கூலரை ரேடியேட்டருக்கு முன்னால் வைத்தால் ஏசி கண்டென்சருக்கு இடம் இருக்காது. டிராக் கார் என்பதால் ஏசியைக் கழற்றிவிடுங்கள். எடையும் குறையும்.

இன்ஜெக்டர் கணக்கு இப்படி. டர்போ பெட்ரோல் எஞ்சின் ஒரு பிஎச்பிக்கு மணிக்கு 0.27 கிலோ பெட்ரோல் குடிக்கும். 120 பிஎச்பிக்கு 32.4 கிலோ, அதாவது சுமார் 43 லிட்டர். நான்கால் வகுத்து நிமிடக் கணக்கில் பார்த்தால் இன்ஜெக்டருக்கு 180 சிசி சுற்று. 80 சதவீத டியூட்டிக்கு (இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்துக்கு) மேல் ஓட்டக் கூடாது என்பதால் 225 தேவை. இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்கு 7 சதவீதம் சுற்றுக் கூடுதலாக வேண்டும். ஆக 240. 250 முதல் 300 சிசி இன்ஜெக்டர் வாங்குங்கள். 550 சிசி போட்டால் ஐடிலில் நடுங்கும்.

எத்தனால் இன்னொரு வேலையும் வைக்கும். எஸ்டீம் காலத்து ரப்பர் ஹோஸ் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. டேங்கிலிருந்து ரெயில் வரை எல்லா ரப்பரையும் எத்தனால் தாங்கும் இன்ஜெக்ஷன் ஹோஸாக மாற்றுங்கள். சூடான டர்போவின் பக்கத்தில் வெடித்த ஹோஸ் என்றால் கார் எரியும். பம்ப்பும் புதிதாக இருக்கட்டும். ஃப்யூவல் ரெகுலேட்டரின் வேக்கம் குழாய் மேனிஃபோல்டோடு இணைந்திருக்க வேண்டும். அப்போதுதான் பூஸ்ட் ஏறும் அளவுக்கு ஃப்யூவல் பிரஷரும் ஏறும்.

ஒரிஜினல் ஈசிஎம்மின் மேப் சென்சார் (இன்டேக் அழுத்தத்தை அளப்பது) வெளிக்காற்றின் அழுத்தம் வரைதான் படிக்கும். பூஸ்ட் வந்தது அதற்குத் தெரியாது. ஸ்பீடுயினோ, மெகாஸ்குவர்ட் போன்ற, நாமே டியூன் செய்யக்கூடிய தனி ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்), 2.5 பார் மேப் சென்சார், இன்டர்கூலருக்கு அப்புறம் காற்றுச் சூட்டு சென்சார், எக்ஸாஸ்டில் கலவையை அளக்கும் பாஷ் எல்எஸ்யூ 4.9 வைடுபேண்ட் சென்சார் ஆகியவை கட்டாயம். வைடுபேண்டை லாம்டாவில் படியுங்கள் (1 என்றால் சரியான கலவை, குறைந்தால் ஃப்யூவல் கூடுதல், ஏறினால் ஃப்யூவல் குறைவு). பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கும்போது காற்று-பெட்ரோல் விகிதம் 14.7 என்ற எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாறுவீர்கள். முழு பூஸ்டில் 0.80 முதல் 0.82 லாம்டா வையுங்கள். ஒரு பிஎஸ்ஐக்கு ஒரு டிகிரி வீதம் இக்னிஷனைப் பின்னுக்கு இழுத்து ஆரம்பியுங்கள். பிளக் ஒரு படி குளிர்ந்தது, என்ஜிகே என்றால் 6-க்குப் பதில் 7. இடைவெளி 0.7 மில்லிமீட்டர்.

எஞ்சினைத் திறக்கவில்லை என்றால் 0.4 பாரைத் தாண்டாதீர்கள். திறந்தால் மேல் ரிங்கின் வாய் இடைவெளியை 0.33 முதல் 0.37 மில்லிமீட்டருக்கு அரத்தால் தேய்த்து வையுங்கள். பூஸ்ட் சூட்டில் ரிங் நீளும். இடைவெளி போதாமல் முனைகள் முட்டினால் பிஸ்டனின் ரிங் லேண்ட் உடையும்.

டர்போவுக்கான ஆயில் வரத்தைப் பிரஷர் சுவிட்ச் இடத்தில் டி வடிவ இணைப்பு போட்டு எடுக்கலாம். திரும்பும் குழாயில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். உள் விட்டம் 16 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. மேடு பள்ளமில்லாமல் கீழ்நோக்கி இறங்கி, சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். இது அடைத்தால் நல்ல டர்போவே நீலப் புகை விடும். சீல் போய்விட்டது என்று டர்போவை மாற்றுவார்கள், புதியதும் அதே புகையை விடும். பிசிவி குழாயில் (கிராங்க் கேஸின் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் குழாய்) ஒருவழி வால்வு போடுங்கள். இல்லாவிட்டால் பூஸ்ட் கிராங்க் கேஸுக்குள் இறங்கி ஆயில் சீல்களைத் தள்ளிவிடும்.

மேனிஃபோல்ட் ஃபிளாஞ்ச் 10 முதல் 12 மில்லிமீட்டர் தடிமனில் இருக்கட்டும். வெல்டிங் செய்யும்போது பழைய ஹெட்டில் இறுக்கி வைத்தே செய்யச் சொல்லுங்கள். தனியாக வைத்துச் செய்தால் வளைந்துவிடும். டர்போவின் எடை முழுவதையும் மேனிஃபோல்ட் சுமக்கக் கூடாது. பிளாக்கிலிருந்து ஒரு தாங்கு பிராக்கெட் கொடுங்கள்.

முதல் ஸ்டார்ட்

குழாய்களை மூடி, இன்டேக்கில் 0.5 பார் காற்று ஏற்றி, எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். குமிழி வரும் கிளாம்ப்பை இறுக்குங்கள். டர்போவின் ஆயில் வாயில் கையால் கொஞ்சம் ஆயில் விடுங்கள். இன்ஜெக்டரும் இக்னிஷனும் இல்லாமல் ஸ்டார்ட்டரைப் பத்துப் பத்து வினாடியாகச் சுற்றி, கேஜில் ஆயில் பிரஷர் தெரிந்த பிறகே எஞ்சினை ஓட விடுங்கள். ஐடிலில் சூடானதும் அணைத்து, ஆயில், தண்ணீர், பெட்ரோல் கசிவு பாருங்கள்.

டியூனிங்கை டைனோவில் (எஞ்சின் சக்தியை அளக்கும் மேடையில்) செய்யுங்கள். பூஸ்ட் இல்லாத பகுதியை முதலில் முடித்து, பிறகு பாதி ஆக்ஸிலரேட்டர், பிறகு முழுது என்று ஏறுங்கள். 0.55 பாரில் ஃப்யூவல் கட் வைத்துவிட்டுத்தான் முதல் முழு பூஸ்ட். மேல் ஆர்பிஎம்மில் லாம்டா எண் ஏறத் தொடங்கினால் அந்த நொடியே காலை எடுங்கள். ஈசியூவின் மேப்பைத் (ஃப்யூவல் அட்டவணையை) திருத்துவதற்கு முன் ஃப்யூவல் பிரஷரைப் பாருங்கள். பம்ப் திணறும்போது மேப்பில் ஃப்யூவல் கூட்டிப் பயனில்லை.

எந்த வழியானாலும் பிரேக் பேடும் டாட் 4 ஆயிலும் புதிதாக மாற்றிய பிறகே டிராக்குக்குப் போங்கள். முதல் 20 நிமிட ஓட்டம் முடிந்ததும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் நட்டுகளை எஞ்சின் ஆறிய பின் மறுபடி இறுக்குங்கள், மவுண்டிங் போல்ட்டுகளையும் ஸ்பானர் வைத்துப் பாருங்கள். டர்போ காரில் அடுத்த ஓட்டத்துக்கு முன் ஒரு பிளக்கைக் கழற்றி லென்ஸில் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மினுக்கும் அலுமினியப் புள்ளிகள் தெரிந்தால் நாக்கிங் பிஸ்டனைத் தின்ன ஆரம்பித்துவிட்டது. அன்றைக்கு அந்த கார் டிரெய்லரில்தான் வீடு திரும்ப வேண்டும்.